ஊர் இன்னும் கூடவில்லை

2009 நவம்பர் 12, வியாழன். டூட்டிங், லண்டன்.

இன்றைய ஆய்வுக் குழுக் கூட்டத்தில் பேராசிரியர் என்னைக் காட்டி, "பழங்குடிகளின் பிரதிநிதி நம்மிடமே இருக்கிறார்" என்றார். நான் மதுரைக்காரன். ஐந்து வருடம் முன்பு நீலகிரியில் ஒரு இருளர் ஊரில் இரத்தம் எடுத்து வந்தவன், அவ்வளவுதான். அரிவாள் செல் நோயைக் கண்டறிய எடுத்த இரத்தம் அது. இப்போது அதே இரத்தத்தில், எந்த மரபணுவுக்கு எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்கப் போகிறார்களாம். ஊரின் சம்மதம் நாளைக்குள் வேண்டும், ஊருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம். வெட்கங்கெட்டவர்கள்.

அந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர் மாதிக்குப் போன் செய்தேன்.

"முதல்ல என் தம்பி ரிசல்ட்ட சொல்லுங்க டாக்டர். வலி வந்தா சுருண்டு படுத்துக்கிறான். அதுக்கப்புறம் ஊர் கூடிப் பேசி முடிவு சொல்றோம். இதுல தனியா யாரும் தலையாட்ட முடியாது."

"ஊர் கூட எத்தனை நாளாகும்?"

"நீங்க அஞ்சு வருஷம் எடுத்துக்கிட்டீங்களே!"

போனை வைத்துவிட்டாள்.

அவளுடைய தம்பிக்கு நோய் இருக்கிறது. நான்கு வருடமாக அந்த முடிவு என் அலமாரியில்தான் கிடக்கிறது. பேராசிரியரைத் திட்டி இவ்வளவு எழுதிவிட்டேன். அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.