கடைசி முறைக்குக் காத்திருந்த எட்டுப் பேர்

ரந்தாவ்,
11 அக்டோபர் 2025, சனிக்கிழமை.

அன்புள்ள விமலாவுக்கு,

நானும் மகள் லோகேஸ்வரியும் இங்கே சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தொழிற்சாலையில் இன்னமும் நின்றபடியேதான் வேலையா, உட்கார நாற்காலி கொடுத்தார்களா? இதையெல்லாம் போனில் கேட்டிருப்பேன். ஐந்து நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. மகளிடம் மட்டும் பேசுகிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். உன் கோபம் நியாயமானது. சிங்கப்பூரில் வேலையில் நிற்கும்போது, உன் இண்டெக்ஸ் ஃபண்டிலிருந்து பன்னிரண்டாயிரம் வெள்ளி எடுக்க மனு வந்திருக்கிறது என்று போனுக்குச் செய்தி வருகிறது. கையெழுத்துப் போட்டது கட்டிய புருஷன். யாருக்குத்தான் வயிறு எரியாது?

வாட்சாப்பில் நாலு முறை எழுதி நாலு முறையும் அழித்துவிட்டேன். பேனாவால் எழுதினால் அப்படி நழுவ முடியாது. ராக்கம்மா திங்கட்கிழமை அங்கே வேலைக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் உன் நெஞ்சு ஆறட்டும். அந்த மனுவை மறுநாளே போய் ரத்து செய்துவிட்டேன். உன் முப்பத்து நாலாயிரம் அப்படியே இருக்கிறது. மார்ச் மாதம் இந்தத் தோட்ட வீட்டைக் காலி செய்யும்போது நமக்கு இருக்கும் ஒரே பணம் அதுதான், புது வீட்டுக்கு முன்பணமும் அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையை வைத்தேன், அதுதான் வெட்கம். ஆனால் ஆபத்து இன்னும் முழுதாகத் தீரவில்லை. நாளை காலை கோவில் மண்டபத்தில் ஏழு பேர் எனக்காகக் காத்திருப்பார்கள், அந்தப் பணத்தைக் கட்டு என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

புனிதனை உனக்குத் தெரியும். நம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, இப்போது சிரம்பானில் தெமியாங் பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருப்பவன். சனவரி மாதம் மண்டபத்துக்கு வந்து, பணம் போட்டால் போனிலேயே ஏறும் ஏதோ ஒரு காயின் பற்றிப் பேசினான். மாயாண்டி முதல் ஆளாக இரண்டாயிரம் போட்டான். இரண்டே மாதத்தில் மூவாயிரத்து ஐந்நூறு எடுத்துப் புது மோட்டார் சைக்கிள் வாங்கி, கோவில் வாசலிலேயே நிறுத்தினான். அதற்கு மேல் புனிதன் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த மோட்டார் பேசியது.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். நம் தோட்டத்தில் எத்தனை வருடமாகக் கூட்டுச் சீட்டுப் போடுகிறோம்? அவசரம் உள்ளவன் கழிவு தள்ளிக் கேட்டு முதலில் எடுப்பான், குறைவாகக் கிடைக்கும். பொறுமையாக இருந்து கடைசியில் எடுப்பவனுக்கு முழுப் பணம். நான் எப்போதும் கடைசியில் எடுப்பவன், அதில் எனக்குப் பெருமை வேறு. புனிதன் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொன்னபோது, நான் எழுந்து நின்று, ‘அவசரக்காரங்க முதல்ல எடுக்கட்டும், எங்களைக் கடைசியில போடு’ என்று சொன்னேன். என்னோடு ஏழு பேர் கை தூக்கினார்கள். புத்திசாலிகள் அப்படித்தான் செய்வார்கள் என்று அவன் சிரித்தான். அவனுக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்காமல் வரிசையில் காத்திருக்கிறோம் என்று நாங்களே போய்ச் சொன்னோம்.

நான் ஒன்பதாயிரம் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. உன் ஃபண்டை எறும்பு உண்டியல் என்று கேலி செய்தவன் ஆயிற்றே. ஆறு வருடமாக மாதம் நானூறு போடுகிறாய். கோவிட் சமயத்தில் அது விழுந்தபோது எடுத்துவிடு, எடுத்துவிடு என்று வீட்டில் குதித்தவனும் நான்தான். நீ பாத்திரம் கழுவிக்கொண்டே, ‘கம்பெனியெல்லாம் அங்கதானேங்க இருக்கு, ஓடியா போச்சு’ என்று சொன்னாய். அந்த மாதமும் நானூறு போட்டாய். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது.

இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. இதை எழுத அரை மணி நேரம் ஆயிற்று. அந்த ஏழு பேரைச் சேர்த்துவிட்டதற்குப் புனிதன் எனக்குத் தலைக்கு இருநூறு வெள்ளி கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். ஆள் பிடித்துக் கப்பலேற்றித் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய பழைய கங்காணிகளைப் பற்றி என் அப்பா பேசினால் காறித் துப்புவார். அவர் மகன் அதே வேலையைக் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து செய்தான். அந்த ஏழு தலையில் ஒருத்தி பஞ்சாலை. களைக்கு மருந்தடிக்கும் பஞ்சாலைதான். போன வருடம் புருஷன் செத்தபோது வந்த பணத்திலிருந்து ஐயாயிரம் போட்டாள். ‘நல்ல எடமா மண்டோரே’ என்று, அவள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரான என்னைத்தான் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

போன வாரம் பணத்தை எடுக்கலாம் என்று கேட்டோம். போனில் பார்த்தால் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் காட்டுகிறது. ஆனால் வெளியே வர முதலில் பன்னிரண்டாயிரம் வரி கட்ட வேண்டுமாம். நாங்கள் ஒரே குழுவாம், தலைவன் நானாம், நான் கட்டினால்தான் எட்டுப் பேர் கணக்கும் திறக்குமாம். திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் எல்லாம் பூட்டிவிடுமாம். நான் சிரம்பானுக்கு ஓடினேன். ஃபண்டு கவுண்டரில் இருந்த பெண் மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பஞ்சாலை உட்கார்ந்திருக்கிறாள். மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அவளுடைய தாலிக்கொடி. ‘பன்னெண்டாயிரத்தையும் நீங்க ஒருத்தரே ஏன் சுமக்கணும் மண்டோரே, எம் பங்குக்கு இதை அடகு வச்சுக்குங்க, புருசனே இல்ல, இது எதுக்கு எனக்கு’ என்றாள். விமலா, அவளை வைத்து நான் இருநூறு வெள்ளி சம்பாதித்தது அவளுக்குத் தெரியாது. நான் அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லி அனுப்பிவிட்டு, குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டு அழுதேன். லோகேஸ்வரிக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை கவுண்டர் திறக்குமுன் போய் நின்றேன். அதே பெண்தான். மனைவிக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை, மனுவை ரத்து செய்தாள். அப்புறம், இந்த ஃபண்டாவது விழாமல் இருக்குமா என்று கேட்டேன். ‘விழலாம் சார், எந்த வருசம் ஏறும் எந்த வருசம் விழும்னு எனக்கும் தெரியாது’ என்றாள். பத்து மாதமாகக் காசு விஷயத்தில் பேசியவர்களில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். எனக்கு அவள் மேல் மரியாதை வந்துவிட்டது. உன் பணம் எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறது என்று காட்டினாள். வங்கி, மின்சாரம், டெலிபோன் எல்லாம் இருக்கிறது, செம்பனை எண்ணெய்க் கம்பெனியும் இருக்கிறது. நான் வெயிலில் நின்று ஆள் மேய்த்து இறக்கும் குலையில் உனக்கும் ஒரு துளி வருகிறது. காசு எங்கேயிருந்து வருகிறது என்று நீ எப்போதும் கேட்பாயே, உன் ஃபண்டில் அதற்குப் பதில் இருக்கிறது. புனிதனிடம் ஒரே பதில்தான், எங்களுக்குப் பின்னால் வருகிறவன் பையிலிருந்து.

பிட்காயினும் இப்படித்தானா என்று மகளைக் கேட்டேன். ‘அது வேறப்பா, அதுவும் ஒரு நாள் ஏறும், மறுநாள் பாதியா விழும், வீட்டுக் காசை வைக்கிற எடமில்ல. ஆனா இது காயினே இல்லலா, புனிதன் அங்கிள் போன்ல நம்பர் மட்டும் ஏத்துறாரு’ என்றாள். இந்தப் பிள்ளையிடம் சனவரியிலேயே கேட்டிருக்கலாம்.

நாளை மண்டபத்துக்குப் போகிறேன். என்ன ஆனாலும் கட்ட மாட்டேன். அடித்தாலும் கட்ட மாட்டேன். மீதியை வந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை.

போய்விட்டு வந்தேன். அடி விழவில்லை, ஆனால் பேச்சு விழுந்தது.

ஏழு பேரும் இருந்தார்கள், மாயாண்டியும் வந்து தூணில் சாய்ந்து நின்றான். முதலில் கமிஷன் வாங்கியதைச் சொன்னேன். ஆயிரத்து நானூறையும் கொண்டு போயிருந்தேன், ஒவ்வொருவர் முன்னாலும் இருநூறு வைத்தேன். பஞ்சாலை அந்த நோட்டுகளைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. அதற்கு, கட்ட மாட்டேன், போலீசுக்குப் போவோம் என்று நான் சொன்னதும் மாயாண்டி போட்ட கூச்சலே தேவலை. ‘போலீசுக்குப் போனா ஒருத்தனுக்கும் அஞ்சு காசு வராது, ஒம் பொண்டாட்டிதான் வச்சிருக்காளே, கட்டித் தொலைய வேண்டியதுதானே’ என்றான். அவள் நின்று சம்பாதித்த காசு அது, தொட்டால் என் கை அழுகிப் போகும் என்றேன். இரண்டு மூன்று பேர் அவன் பக்கம் சேர்ந்தார்கள். மண்டோருக்கு வீடு பெரிசா, எங்க ஏழு குடும்பம் பெரிசா என்று ஏழு பேரில் ஒருத்தியான லெட்சுமி கேட்டாள்.

கூட்டு எழுதும் திருநாவுக்கரசு அண்ணன்தான் காப்பாற்றினார். அவரும் எட்டில் ஒருவர். மெதுவாக, ‘கூட்டுல கழிவு உண்டுன்னா எடுக்கிற காசுலதானே கழிப்போம், முன்னாடி கொண்டாந்து கட்டுன்னு எவன்கிட்டயாவது கேட்டிருக்கோமா’ என்றார். நான் புனிதனுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். எங்கள் ஒரு லட்சத்து இருபதாயிரத்திலேயே பன்னிரண்டாயிரத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்றேன். சிஸ்டம் விடாது என்றான். சரி, இருபதாயிரத்தைக் கழித்துக்கொள் என்றார் அண்ணன். அதற்கும் சிஸ்டம் விடாது. அப்படியானால் பாதியை நீயே வைத்துக்கொண்டு பாதியைக் கொடு என்று பஞ்சாலை கேட்டாள். போனை வைத்துவிட்டான். திரும்ப எடுக்கவே இல்லை. அங்கே காசே இல்லை என்று அதற்கப்புறம் யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எட்டுப் பேரும் ரந்தாவ் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். மாயாண்டி வரவில்லை. பணம் திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. என் ஒன்பதாயிரம் போனது போனதுதான், அதைப் பிடிக்கிறேன் என்று இன்னொன்றில் விட மாட்டேன். பஞ்சாலையின் ஐயாயிரத்தை மட்டும் நான் கொடுப்பேன். மற்றவர்கள் தாமாக ஆசைப்பட்டார்கள், அவள் என்னைக் கேட்டுவிட்டுப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பான் பாசார் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்ட ஆள் கேட்டார்கள், சேர்ந்துவிட்டேன். மாதம் இருநூற்றைம்பது, இருபது மாதம். இதில் உன் காசு ஒன்றும் கிடையாது, நீ மறுத்தாலும் இதைச் செய்வேன். கோபித்துக்கொள்.

கவரில் ஒரு படிவம் இருக்கிறது. அந்த ஃபண்டை இருவர் பெயரிலும் வைத்து, யார் ஒருவர் கையெழுத்துப் போட்டாலும் எடுக்கலாம் என்று நீதான் என்னை நம்பி எழுதிக் கொடுத்தாய். என் பெயரை அதிலிருந்து எடுக்கச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீயும் போட்டுக் கவுண்டரில் கொடுத்துவிடு. மார்ச்சில் தேவைப்படும் முன்பணத்தை மட்டும் இப்போதே எடுத்து நிரந்தர வைப்பில் போட்டுவிடுவது நல்லது, வீடு வாங்கும் மாதத்தில் சந்தை விழுந்தால் கஷ்டம் என்றும் அந்தப் பெண் சொன்னாள். முடிவு உன்னுடையது. நான் கருத்துச் சொல்லும் நிலையில் இல்லை.

தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். லோகேஸ்வரி முறுக்குக்கு மாவு வாங்கி வைத்திருக்கிறாள், சுட யார் வருவார்கள் என்று என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை சிரம்பான் பஸ் நிலையத்தில் நிற்பேன். நீ எந்த பஸ்ஸில் வருவாய் என்று சொல்ல வேண்டாம், எல்லா பஸ்ஸையும் பார்த்துக்கொள்கிறேன். இடுப்பைப் பார்த்துக்கொள், கனமான பையைத் தூக்காதே. மாரியம்மா உன்னை நோய் நொடி இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என் பெயரை எடுக்கச் சொன்னது அந்த ஃபண்டிலிருந்து மட்டும்தான், விமலா.

உன்,
தேவன்