டாக்டரம்மாவுக்கு ஒரு சீட்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று என் மனைவி ஜீப்பிலிருந்து தவணை முறையில் இறங்கினாள். முதலில் ஒரு கால். அப்புறம் ஒரு பெருமூச்சு. அப்புறம் இன்னொரு கால். இடுப்பு கடைசியாக, வர இஷ்டமில்லாத விருந்தாளி மாதிரி வந்து சேர்ந்தது. கை நீட்டினேன்.

"சும்மா இருங்க. பாக்கறவங்க கிழவின்னு நினைப்பாங்க."

பார்ப்பதற்கு அங்கே எதிர்வீட்டுப் பூனை மட்டும்தான் இருந்தது. அதுவும் திரும்பிப் படுத்துக்கொண்டது.

மலைப் பண்ணைக்காரர்கள் என்னை டாக்டரம்மாவின் டிரைவர் என்றே நினைத்திருக்கிறார்கள். அவள் மாட்டுக்கு ஊசி போடும்போது நான் வெளியே வண்டிக்குக் காவல் நிற்கிறேன், பின்னே என்ன நினைப்பார்கள்? பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் ஓவியம் சொல்லிக்கொடுத்துச் சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவன் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? இன்று ஒரு பண்ணைக்காரர் எனக்குத் தனியாக டீ கொடுத்து, "மாசம் எவ்ளோப்பா தர்றாங்க?" என்று ரகசியமாக விசாரித்தார். "சாப்பாடு மட்டும்தாங்க" என்றேன். பாவப்பட்டு இன்னொரு பிஸ்கட் கொடுத்தார். நல்ல பிஸ்கட்.

பிப்ரவரி 5, வியாழன்

எலும்பு டாக்டரிடம் போனோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எதுல போறீங்க, வர்றீங்க?" என்றார். சொன்னோம். "சீட் எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும்? சீட் என்பதே மரியாதைக்குச் சொல்வது. கீழே தகர மேடை. அதன்மேல், ஒரு காலத்தில் பஞ்சு இருந்ததற்கான அடையாளம். அதன்மேல் கிழிந்த ரெக்சின்.

"ஒண்ணு சீட்டை மாத்துங்க, இல்ல வேலையை மாத்துங்கம்மா."

இதைத் தலைமை அலுவலகம் ஒட்டுக் கேட்டதோ என்னவோ, சாயங்காலமே போன். அங்கே ஃபைல் பார்க்கும் பதவி ஒன்று காலியாம். சுழல் நாற்காலி, ஏசி அறை. இருபத்தெட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"யோசிக்கறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். சொல்லும்போது கை இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

நல்ல வேலைதான். இடுப்புக்கு நல்லது. நான் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள். வீட்டில் நாங்கள் பேசுவதெல்லாம் கேஸ் தீர்ந்துபோச்சு, மோட்டார் போட்டாச்சா, அவ்வளவுதான். ஜீப்பில் ஏறி மலைப்பாதை ஆரம்பித்ததும்தான் அவளுக்கு வாய் திறக்கும். எந்த வீட்டு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையில்லாமல் வேலி போட்டார்கள், அந்த வேலியைத் தாண்டி ஒரே காளை எப்படி இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறது, பால் சங்கச் செயலாளர் மீசைக்கு மட்டும் ஏன் மை பூசுகிறார் — எல்லாம் எனக்கு அந்த இடப்பக்க சீட்டிலிருந்து வந்து சேர்ந்த செய்திகள். அவள் ஆபீசில் போய் உட்கார்ந்தால் ஃபைலைப் பற்றி என்ன வம்பு பேச முடியும்?

சீட்டை மாற்ற வேண்டியதுதான். ஒரு சீட். உலகத்தில் கிடைக்காத பொருளா?

பிப்ரவரி 9, திங்கள்

மருந்துக்கடையில் நடுவில் ஓட்டை போட்ட மெத்தை ஒன்று வாங்கிப் போட்டேன். எங்கள் ஜீப்புக்குக் கதவு கிடையாது. மூன்றாவது வளைவில் டாக்டரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மெத்தைக்குக் கை இல்லை. பள்ளத்தில் இறங்கித் தேடினேன். அதற்குள் ஒரு ஆடு அதை மோந்து பார்த்துவிட்டு, தின்ன லாயக்கில்லை என்று விட்டுவிட்டுப் போயிருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

பழைய வண்டிகளை உடைக்கும் கடையிலிருந்து சொகுசுக் கார் சீட் ஒன்று. தோல் உறை, தலைக்குத் தலையணை. கொண்டுவந்து கூடத்தில் போட்டு உட்கார வைத்தேன். "அய்யோ, சுகமா இருக்கே" என்று கண்ணை மூடிவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன்.

வண்டியில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. தகர மேடைமேல் கார் சீட், அதன்மேல் அவள். தலை கூரைத் துணியில் முட்டியது. ஆறு கிலோமீட்டர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே வந்தாள்.

"ராணி மாதிரி இருக்கா?"

"இருக்கு. ராணிக்குக் கழுத்து சுளுக்கிடுச்சு. திருப்புங்க."

சீட் மறுபடி கூடத்தில். இதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சுகமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான், உலகத்திலுள்ள எல்லா வியாதிக்கும் டிராக்டரில் மருந்து இருக்கிறது என்று நம்புகிறவன்.

"அத்தான், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பெரிய டிராக்டருக்குப் போடுற ஸ்பிரிங் சீட் இருக்கு. உழுத நிலத்துல ஓட்டினாலும் டம்ளர்ல தண்ணி சிந்தாது."

இரண்டு கொண்டுவந்தான், எனக்கும் சேர்த்து. ஜீப்பின் தகர மேடைகளை அறுத்துத் தூக்கி எறிந்துவிட்டு மத்தியானத்துக்குள் பொருத்திவிட்டான். உயரம் அளவெடுத்துத் தைத்த மாதிரி. சீட்டுக்கு முன்னால் ஒரு குமிழ். அதைத் திருகினால் சின்னக் கண்ணாடிக்குள் எண் நகர்கிறது. உட்காருகிறவரின் எடைக்கு வைக்க வேண்டுமாம். குறைத்து வைத்தால் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி அடியில் இடிக்குமாம்.

"உன் வெயிட் என்னக்கா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அறுபத்திரண்டு" என்றாள்.

மச்சினனுக்கு இருமல் வந்தது. அறுபத்திரண்டு நிஜம்தான், நான் மறுக்கவில்லை. அது எங்கள் மகன் பிறப்பதற்கு முன். அவன் இப்போது தாடி வைத்திருக்கிறான்.

"நீங்க அத்தான்?"

"எழுபது" என்றேன் கூச்சமே இல்லாமல். மச்சினனுக்கு மறுபடி இருமல்.

பிப்ரவரி 19, வியாழன்

டொம். டொம். பள்ளம் வந்தால் முதலில் அவள் சீட், அடுத்து என் சீட். ஜோடிப் பொருத்தம்.

வீடு வந்து தவணை முறையில் இறங்கினாள். "உங்க தம்பி சீட்டு நல்லாத்தான் இடிக்குது" என்றாள் என்னிடம். சீட்டு நன்றாக இருந்தவரை அவன் அவளுடைய தம்பி, என் மச்சினன். இடித்ததும் என் தம்பியாகிவிட்டான்.

பிப்ரவரி 23, திங்கள்

மச்சினன் சீட்டைக் கழற்றிப் புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தான். டொம்.

"கம்பெனி ஸ்பிரிங் அத்தான், தப்பு வர சான்ஸே இல்ல" என்று தலையைச் சொறிந்தான். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். பூனைக்கு யார் மணி கட்டுவது? நிற்பது இரண்டும் எலி.

"நீங்கதான புருஷன், சொல்லுங்க."

"நீதான கூடப் பொறந்தவன், நீ சொல்லு."

"எனக்குக் கடையில வேலை இருக்கு."

இதில் வேடிக்கை, ஒரு மாட்டை எட்ட நின்று பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுகிறவள் அவள். சந்தேகமிருந்தால் முன்னங்காலுக்குப் பின்னால் நாடாவைச் சுற்றிப் பார்ப்பாள். நாடாவிலேயே எடை அச்சடித்திருக்கும். இவளிடம் போய் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அவளே மறைத்தால்?

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் சீட்டுக் குமிழைக் கொஞ்சம் திருகிவைத்தேன். கொஞ்சம்தான். ஒரு மனுஷன் மனைவியிடம் பேசத் துணியும் அளவுக்கு.

ஏறியதும் குனிந்து பார்த்தாள். "யார் இதைத் தொட்டது?"

"பூனையா இருக்கும்" என்றேன். அம்பத்தஞ்சு வயதில் நான் சொல்லும் பொய்களின் தரம் இது.

திருகி மறுபடி அறுபத்திரண்டில் வைத்தாள். டொம்.

பிப்ரவரி 25, புதன்

மலைப்பாதை முழுக்க ஒரு வார்த்தை இல்லை. காளை எந்த வீட்டில் சாப்பிட்டது என்றுகூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

"எந்த சீட்டும் சரிப்பட்டு வரல. ஆபீசுக்கே ஒத்துக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

எனக்கு அலைச்சல்னு நான் எப்பவாவது சொன்னேனா? இவளா முடிவு பண்ணிக்கிறா. போகட்டும். ஏசில உக்காரட்டும். நான் வண்டிய வித்துட்டு — வித்துட்டு என்ன செய்வேன்? கூடத்துல இந்த கார் சீட்டுல சாஞ்சுகிட்டு அவ எப்ப வருவான்னு வாசலப் பாத்துகிட்டு இருப்பேன். நல்லா இருக்கு பொழப்பு. ஒரு எண்ணுக்காக. கேவலம் ஒரு எண்ணுக்காக ஒரு வேலையையே விடுவாங்களா ஒருத்தி?

விடுவாள். எனக்குத் தெரியாதா அவளை.

நாளை மறுநாள் இருபத்தெட்டு.

பிப்ரவரி 27, வெள்ளி

சாயங்காலம் அவள் மருந்துப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்றேன்.

"அந்த மாட்டு நாடாவை எடு."

"எதுக்கு?"

"என்னை அள."

ஒரு நிமிடம் முகத்தையே பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை. பிறகு நாடாவை உதறினாள். "முன்னங்கால் ரெண்டையும் தூக்குங்க."

தூக்கினேன். மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எனக்கு மிக அருகில் குனிந்து படித்தாள். மருந்து வாசனை. இத்தனை அருகில் நின்று எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. அப்போது பார்த்துச் சொன்னாள்:

"எண்பத்தெட்டு. சினையா இருந்தா கொஞ்சம் கழிச்சுக்கலாம்."

நான் வாசலுக்குப் போனேன். என் சீட்டுக் குமிழை எழுபதிலிருந்து எண்பத்தெட்டுக்குத் திருகினேன். அவள் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடையதை நான் தொடவில்லை.

"எழுபதுன்னு சொன்னது பொய்" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

நாடாவைச் சுற்றிக்கொண்டே உள்ளே போனாள்.

பிப்ரவரி 28, சனி

ஜீப் கண்ணாடி துடைக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். இடப்பக்கக் குமிழ் நகர்ந்திருக்கிறது. எந்த எண்ணில் என்று எழுதப்போவதில்லை. இந்த நோட்டு என்றைக்காவது அவள் கையில் கிடைத்தால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

பள்ளம் வந்தது. ஒரு சத்தம் இல்லை. அவள் மெதுவாகக் கீழே போய் மெதுவாக மேலே வந்தாள். கொஞ்சம் பிந்தி நானும் அப்படியே. நான் பாதையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டேன். அவள் மரத்தைப் பார்க்கிற மாதிரி.

வீட்டு வாசலில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து இறங்கினாள்.

சாயங்காலம் போன் வந்தது. சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளியே வந்ததும், "யாரு?" என்றேன்.

"ஆபீஸ்."

"என்னவாம்?"

"டீ போடட்டுமா?"

டீ குடித்தேன்.

மார்ச் 6, வெள்ளி

"அந்த ஆபீஸ் வேலையை அக்கா வேணாம்னுட்டாளாமே" என்று மச்சினன் கடைவாசலில் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியில் எனக்கு. போகட்டும். எனக்கு முன்பே தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்று கடைசிப் பண்ணையில் வேலை முடிய நாலு மணி. திரும்பும்போது ஆரம்பித்தாள். கோழிப்பண்ணைக்காரர் வீட்டுக் கல்யாணம் நின்றுபோன கதை. மாப்பிள்ளை தன் வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறான், பெண்ணும் குறைத்துச் சொல்லியிருக்கிறாள், அதை இரண்டு தரகர்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்து — சரியாக அந்த இடத்தில் பாதை பிரிந்தது. இடது பக்கம் இறங்கினால் பத்து நிமிடத்தில் வீடு.

"வலது பக்கம் திருப்புங்க" என்றாள்.

"அந்தப் பக்கம் பாதையே இல்லையே, வெறும் பாறை."

"இருக்கட்டும். கதை பாதியில நிக்குது."

அந்த வழியில் பண்ணை எதுவும் கிடையாது. ஒரு மாடு கூடக் கிடையாது. வலது பக்கம் திருப்பினேன்.