நுரை மீசை

ஆகஸ்ட் 9, வெள்ளி

தா.பழூர் கபடி மேட்ச். தோற்றோம். ஸ்கோரை எழுதக் கை வரவில்லை.

ரெய்டுக்குப் போகும் முன் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "மஞ்சு, இந்த முட்டிக் கேப்பை மாட்டி வுடு." அத்தனை கூட்டத்தில்! நான் வெள்ளைப்புலி டீமின் பேஜை நடத்துகிறவள், கையில் போன், லைவ் ஓடிக்கொண்டிருக்கிறது. "நீயே மாட்டு, நான் வீடியோ எடுக்குறேன்" என்றேன். "குனிய முடியலடி" என்றான். கேப்டன் வேல்முருகன் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார், அவருக்குக்கூடக் கேட்காத மாதிரி சொன்னான்.

வீரமணி. குனிய முடியல. நாலு பேர் காலைக் கட்டிக்கொண்டாலும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொடுகிறவன்! இன்று ஒரே ஆள் பிடித்ததும் விழுந்தான். எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஜூனிலிருந்து இந்த இடுப்புவலி. கபடியில் பட்ட அடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த மேட்ச்சில்? எல்லா வீடியோவும் என்னிடம் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு அடி எதிலும் இல்லை.

ஆகஸ்ட் 10

"ரெய்டர் ரிட்டயர்டு" என்று கமெண்ட் போட்டவனை பிளாக் செய்தேன். ஆத்திரம் தீரவில்லை.

ஆகஸ்ட் 18

'முதுகு மாஸ்டர்' சேனலில் ஒரு வீடியோ விடாமல் பார்த்துவிட்டேன். பச்சைப் பால்தான் எலும்புக்கு மருந்தாம். அப்பா சொல்வதும் அதேதான். "கறந்த சூட்டோட குடிக்கணும். காய்ச்சுனா சத்து செத்துப்போயிடும்."

அண்ணன் மாசியிலிருந்தே குடிக்கிறான், எங்கள் மாடு சிட்டு கறக்க ஆரம்பித்ததிலிருந்து. பாவம் சிட்டு. எட்டாம் மாசத்திலேயே கன்று செத்துப் பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழாமல் தங்கிவிட்டது. அண்ணன்தான் முழங்கை வரை கையை விட்டு எடுத்தான். விக்கிரமங்கலத்தில் எங்கள் தெருவில் யார் மாடு ஈன்றாலும் இந்த வேலைக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். எடுத்ததைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தான். சட்டையெல்லாம் ஈரம். மரத்தில் கட்டினால் பால் குறையாதாம். குறையவும் இல்லை.

இன்றைக்கு ரீல் எடுத்தேன். கறந்த சொம்பை அப்படியே தூக்கி ஒரே மூச்சில் குடித்தான். உதட்டுக்கு மேல் நுரை மீசை! "வலிக்கு டாட்டா, வெள்ளைப்புலி ரிட்டர்ன்ஸ்!" பேஜ் தொடங்கியதிலிருந்து எதற்கும் இவ்வளவு வியூஸ் வந்ததில்லை.

இனிமேல் ரெண்டு சொம்பு. நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 27

சாயங்காலமானால் காய்ச்சல். காலையில் ஒன்றும் தெரியாது. பாய் நனைகிற அளவுக்கு வேர்வை. ஆள் வேறு இளைத்துக்கொண்டே போகிறான்.

"உடம்புச் சூடுதான். எண்ணெ தேய்ச்சுக் குளிச்சா அடங்கிடும்" என்கிறாள் அம்மா.

முதுகுவலி, சாயங்காலக் காய்ச்சல், வேர்வை, எடை குறைவு என்று அடித்துத் தேடினேன். முதுகெலும்பு டிபி என்று வந்தது. யோசிக்காமல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். அண்ணனுக்கு டிபி, எல்லாரும் வேண்டிக்கங்க என்று.

ஆகஸ்ட் 30

வீட்டில் ஒரே சண்டை. "கண்ணாலம் ஆவாத பய. ஊரு பூரா டிபின்னு தம்பட்டம் அடிச்சிட்டியேடி" என்று அப்பா கத்தினார். அத்தைகள் வரிசையாக போன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்காம். போதுங்களா டாக்டரம்மா?" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டான் அண்ணன்.

செப்டம்பர் 2

இந்த வீட்டில் இனி நான் எது சொன்னாலும் எடுபடாது.

செப்டம்பர் 12

பெரம்பலூரில் அக்குபங்சர் ஊசி வைத்தியம். வைத்த அன்று நன்றாகத் தூங்கினான், அதை மறைக்கக் கூடாது. அப்புறம் பழையபடிதான். அடுத்த வாட்டி முதுகில் கப் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். முதுகெல்லாம் வட்ட வட்டமாக இருந்தது.

"தோசக்கல்லு மேல படுத்தியா?" என்று கேட்டேன். சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

காய்ச்சல் இருக்கு. அதை யாரும் கணக்கிலேயே எடுக்க மாட்டேங்கறாங்க.

செப்டம்பர் 17

வேல்முருகன் அண்ணன் சொல்லி, குரும்பலூர் பக்கம் தர்மன் வைத்தியரிடம் போய் வந்தார்கள். எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார். "எலும்பு வெலகி நிக்குது. ஞாயித்துக்கெழம கூட்டியாங்க, ஒரே மிதி, உக்கார வச்சுடறேன்" என்றாராம். அவர் கையால் குணமாகி நடந்து போனவர்கள் நிறைய இருக்கிறார்கள். அப்பா சாப்பிடும்போது பாட்டு முணுமுணுத்தார்.

செப்டம்பர் 19

படிச்சேன். இந்தத் தடவை 'முதுகு மாஸ்டர்' இல்லை. ஆஸ்பத்திரிகள் போட்டிருக்கும் பக்கங்கள், ஒன்றுக்கு நாலாக.

நெஞ்சு சுத்தமாக இருந்தாலும் முதுகில் கிருமி இருக்கலாம். டிபி மட்டுமில்லை, வேறு கிருமிகளும் எலும்பில் போய் உட்காருமாம். அரித்துப் போன எலும்பு மேல மிதிச்சா —

மிதிச்சா நரம்பு போயிடும். கால் போயிடும்.

யாருகிட்ட சொல்றது? போன மாசமே டிபின்னு கூவித் தொலைச்சுட்டேனே. இப்ப நெஜமாவே பயமா இருக்குன்னு சொன்னா எவன் நம்புவான்?

செப்டம்பர் 20

அம்மாவிடம் சொன்னேன். "போனைக் குடு, அடுப்புல போடறேன்" என்றாள்.

செப்டம்பர் 21

தெர்மாமீட்டர் வாங்கினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நானும் வருவேன் என்று அடம்பிடித்து வண்டியில் ஏறிவிட்டேன். வைத்தியர் வீட்டு வாசலில் கூட்டம். எங்கள் முறை வருவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அண்ணனைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். வைத்தியர் உத்தரத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். நான் நடுவில் போய் நின்றேன்.

"ஐயா, ஒரு நிமிஷங்க. இவனுக்குக் காய்ச்சல் அடிக்குது."

"ஏய், வெளிய போடி!" அப்பா.

"வாயில வச்சுப் பாக்கறேன்பா. காய்ச்ச இல்லன்னா நானே வெளிய போயிடறேன்."

அண்ணன் என்ன நினைத்தானோ, வாயைத் திறந்தான். நூற்றியிரண்டு. வைத்தியரிடம் காட்டினேன். அவர் காலைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து புறங்கையால் அண்ணன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்ச இருக்குன்னு ஏன்யா சொல்லல?" என்று அப்பாவிடம் கோபப்பட்டார். "நின்னப்புறம் கூட்டியாங்க."

வீட்டுக்கு வண்டியில் ஏறினோம். அரியலூர் ரோட்டில் திரும்பியதும் அண்ணன்தான் வாயைத் திறந்தான். "நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்பா. எனக்கே பயமா இருக்கு."

செப்டம்பர் 25

அரியலூர். ஸ்கேன் வந்துவிட்டது. இடுப்பில் பக்கத்துப் பக்கத்து இரண்டு எலும்பு, நடுவில் இருக்கும் சவ்வு, எல்லாம் வீங்கி ஓரம் அரித்திருக்கிறது. டாக்டர் ஜெயசித்ரா படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "கிருமிதான். ஆனா எந்தக் கிருமின்னு தெரியணும். டிபிக்கு ஒரு மருந்து, மத்ததுக்கு வேற மருந்து." அப்புறம் கேட்டார். "வீட்ல மாடு இருக்கா? பால் எப்படிக் குடிக்கிறீங்க?"

"காய்ச்சித்தாங்க டாக்டர்" என்றார் அப்பா, வேகமாக. "நாங்க என்னா காட்டுலயா இருக்கோம்?"

அண்ணன் தரையைப் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தாள். பேசாதே என்கிற பார்வை.

போனை எடுத்து ரீலைப் போட்டு டாக்டர் கையில் கொடுத்தேன். முழுசாகப் பார்த்தார். நுரை மீசையில் நிறுத்தினார். "இந்த மாடு கன்னு போட்டப்ப ஏதாவது ஆச்சாம்மா?"

செத்த கன்று, முழங்கை வரை கை, தோளில் சாக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 27

இடது கால் மரத்துப்போகுதுங்கறான். ஊசியால குத்துனா தெரியல. ரத்த ரிசல்ட் இன்னும் வரல. ஏன் வரல?

செப்டம்பர் 28

வரவில்லை.

அக்டோபர் 1

வந்துவிட்டது. புருசெல்லா என்று பெயர். மாட்டிலிருந்து வருகிற கிருமி. கையில் கீறல் இருந்தால் அந்த வழியாகவும் போகும், பச்சைப் பாலிலும் போகும். சிட்டு கன்றை இழந்ததே இதனால்தான் இருக்கும் என்றார் டாக்டர். மருந்து இருக்கிறது. கொஞ்ச நாள் ஊசி, மாத்திரை மாதக்கணக்கில். "நடுவுல நிறுத்துனா திரும்ப வரும். கால் சரியாகுமான்னு போகப் போகத்தான் தெரியும்."

வலிக்குன்னு குடுத்தோமே. ரெண்டு சொம்புன்னு சொன்னது நான்தானே. மியூசிக் வேற போட்டேன், அவன் அதைக் குடிக்குறதுக்கு.

அக்டோபர் 5

கால்நடை டாக்டர் சிட்டுவின் ரத்தம் எடுத்துப் போனார். அதற்கும் அதுதான். தனியாகக் கட்டச் சொல்லியிருக்கிறார். ஒரு தரகர் வந்து நல்ல விலை பேசினார். அப்பா அவரைத் தெருமுனை வரை அனுப்பி வைத்துவிட்டு வந்தார். "இன்னொரு வூட்டுப் புள்ள இப்படிப் படுக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

அம்மா எங்களிடம் பால் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் நடந்து போய்ச் சொன்னாள். ஒரு வீட்டில் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம்.

ரீலை அழிக்கவில்லை. அதன் மேலேயே எழுதிப் போட்டேன். "இதைக் குடித்துத்தான் என் அண்ணன் படுத்தான். காய்ச்சிக் குடிங்க." முதல் கமெண்ட்: "காய்ச்சினா சத்து போயிடும் லூசு." பதில் எழுதினேன். நேற்றுவரை நானும் அந்த லூசுதான்.

அக்டோபர் 19

மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதாம். "ஏ மஞ்சு, நம்ம டீம் ஜெர்சிய இதுல முக்கிருவமா?" என்று பாத்ரூமிலிருந்து கத்தினான். அம்மா செருப்பைத் தேடினாள்.

நவம்பர் 14

காய்ச்சல் அடிப்பதே இல்லை. காலில் சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்திருக்கிறது.

டிசம்பர் 29

சுண்டுவிரலை நான் கிள்ளினேன். "ஆ" என்று கத்திவிட்டு என் தலையில் குட்டினான். இன்னும் ஒரு குட்டு வாங்கியிருக்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாத்திரை முடிந்துவிட்டது. கபடி இந்த வருஷம் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேல்முருகன் அண்ணன் அவனை ஸ்கோர் எழுத உட்காரவைக்கிறார். உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லோரையும் திட்டுகிறான்.

இன்றைக்குக் காலையில் எங்கள் தெரு இருசம்மா அத்தை ஓடி வந்தது. "டே வீரமணி, எம் மாடு கன்னு போட்டுச்சு, கொடி விழல, வாடா."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா உள்ளே போய்க் கையுறை, மாஸ்க், சோப்பு எடுத்து வந்து கொடுத்தாள். எனக்கும் ஒரு ஜோடி உறை.

"என்னாடா இது, கம்பவுண்டரு மாதிரி" என்று அத்தை சிரித்தது.

"இனிமே உள்ள கைய வுட்டு இழுக்குறதில்ல அத்த. தானா விழட்டும். சாயங்காலத்துக்குள்ள விழலன்னா மாட்டு டாக்டருதான்."

மத்தியானம் தானாகவே விழுந்தது. அதற்குள் உதவிக்கு வந்த வேல்முருகன் அண்ணன் அத்தை வீட்டுக் கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டியிருந்தார்.

"மரத்துல கட்டலன்னா பாலு வத்திப்போயிடும்டா!"

"வத்துனா பாக்கெட் பாலு வாங்கித் தரேன் அத்த. காய்ச்சித் தரேன்."

நானும் அவனும் சாக்கை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் குழி வரைக்கும் கொண்டுபோனோம். அங்கே அவன் ஒரு நொடி நின்றான். பிறகு காலை அகட்டி வைத்து, மெதுவாக, கை தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தான். சாக்கை உள்ளே வைத்துவிட்டு, எதையும் பிடிக்காமல் நிமிர்ந்தான்.

வீடியோ இல்லை. என் ரெண்டு கையிலும் உறை இருந்தது.