ஜவ்ஹாருக்கு நீ யாருடன் போனாய்

திலக் நகர், செம்பூர்
2 ஜூலை 2024

அன்புள்ள கோகிலா,

நான் நலம். நீயும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் நேற்று வந்தது. வழக்கம்போல் தேதி போடவில்லை. தபால் முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், உனக்குத்தான் காது கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். என் காதில் ஒரு குறையும் இல்லை. நீ பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறாய். ஆபீஸில் அடுத்தடுத்த மேஜையில் இருந்தபோதே நாம் துண்டுச் சீட்டு எழுதித்தானே பேசிக்கொண்டோம். இப்போது மட்டும் என்ன புதிதாக.

பதினான்காம் தேதி ஞாயிறு ஜவ்ஹாருக்கு ஒரு பஸ் போகிறது, காலையில் பழைய ஊரும் அரண்மனையும், மதியத்துக்கு மேல் தாபோசா அருவி, கூடவே எல்லாம் சொல்லிக்கொண்டு வர ஒரு கைடு, நாம் இருவரும் போய்வருவோம் என்று கூப்பிட்டிருக்கிறாய். நன்றி. ஆனால் என்னால் முடியாது. அன்று பூசைக்குப் பிறகு எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஏறி இறங்குவது நம் வயதுக்கு நன்றாகவும் இருக்காது. கைடு என்று வருகிறவர்கள் சரித்திரத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது.

முன்வரிசையில் ஜன்னல் ஓரம் இல்லாவிட்டால் எனக்குத் தலை சுற்றும் என்பதும் உனக்குத் தெரியும். அப்படி ஓர் இடம் கிடைப்பது சந்தேகம்தான். கட்லெட்டுக்கு உருளைக்கிழங்கு நிறைய வாங்கி வைத்திருக்கிறேன். அது வேறு விஷயம்.

உன் வீட்டுக்காரர் போன பிறகு நீ ஊர் சுற்றக் கிளம்புவது இதுதான் முதல் தடவை. நல்லது, போய் வா. என்னை வற்புறுத்தாதே.

அன்புடன்,
அன்னமேரி சேசுராஜ்

*

மாட்டுங்கா
5 ஜூலை (தேதி போட்டுவிட்டேன், பார்)

என் மேரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வர முடியாது என்று தெளிவாக எழுதிவிட்டாய். சரி, நான் வற்புறுத்தவில்லை.

இரண்டு இடம் சொல்லி வைத்திருந்தேன். உன் இடத்துக்கு சபுராவைக் கூப்பிட்டுவிட்டேன். அவளை உனக்குத் தெரியாது. சயானில் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் எனக்குப் பழக்கம். சொந்த ஊர் மேலப்பாளையம், இருப்பது தாராவி. வீட்டுக்காரர் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். காலைத் தூக்கி நாடாவில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தோம். அப்போதுதான் கேட்டேன், "ஜவ்ஹாருக்கு வருகிறாயா, அருவியெல்லாம் இருக்கிறது" என்று.

"பெறவு? கூப்பிட்டா வராம இருப்பேனாக்கா? எங்க வந்து நிக்கணும், அதச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

உன் உருளைக்கிழங்கு முளைவிடுவதற்குள் சமைத்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
கோகிலா

*

திலக் நகர்
8 ஜூலை 2024

அன்புள்ள கோகிலவாணி,

கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி.

அன்பியக் கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி, அதை நடத்துகிற கிளாராவிடம் நான் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டேன். எனக்காக அல்ல, அவளுக்கே அந்த ஞாயிறு வசதிப்படவில்லை. இதை உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சும்மா எழுதினேன்.

எங்கள் கான்வென்டில் சிஸ்டர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. ஒருவர் தட்டை நீட்டினால் உடனே கை நீட்டக் கூடாது. முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உண்மையாகவே கொடுக்க நினைக்கிறவர்கள் மறுபடி நீட்டுவார்கள். ஆபீஸில் நீ டப்பாவைத் திறந்த ஒவ்வொரு நாளும் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீயும் "அட எடு மேரி, எடு" என்று மூன்று தடவையாவது நீட்டினாய். நான் எடுக்காமல் இருந்த நாள் உண்டா? இதெல்லாம் தெரிந்தவள் நீ. இப்போது ஒரு தடவை கேட்டாய், ஒரு பதில் வந்தது, உடனே வேறு ஆளைப் பிடித்துவிட்டாய்.

போகட்டும். அந்த அம்மாளுக்கு எந்த இடம் கொடுத்திருக்கிறார்கள்? ஜன்னல் ஓரமா? சாப்பாடு யார் கொண்டுவருகிறார்கள்? நான் கேட்பது உன் உடம்புக்காகத்தான். கண்ட எண்ணெயில் பொரித்தது உனக்கு ஒத்துக்கொள்ளாது. உனக்கென்று தனிச் சட்டி வைத்துப் பொரித்துக் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியும்.

குடை எடுத்துப் போ.

அன்னமேரி சேசுராஜ்

*

மாட்டுங்கா
16 ஜூலை

என் மேரிக்கு,

போய்விட்டு வந்தாயிற்று. இரண்டு நாளாகக் கால் வலி, அதுதான் தாமதம்.

நல்ல மழை. மனோர் தாண்டியதும் மலையெல்லாம் ஒரே பச்சை. கைடு பெயர் மாதவ். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், நம் ஆள், தமிழும் மராத்தியும் மாற்றி மாற்றிப் பேசுகிறார். ஜவ்ஹார் சின்ன ஊர்தான். பழைய ஓட்டு வீடுகள், மழைக்கு நடுவில் சந்தை, மேட்டில் ராஜாவின் அரண்மனை. முந்நூறு வருஷப் பழசு என்றார். சபுரா அரண்மனையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத யாருக்கா பெருக்குவா?" என்று கேட்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது.

அருவிக்கு நிறையப் படி இறங்க வேண்டும். மேலேயே உட்கார்ந்துவிடலாம் என்றேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு? கையப் பிடிங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல முழங்கால்தான் இருக்கும். அருவிக்குப் பக்கத்தில் போனால் ஒன்றும் பேச முடியாது, அவ்வளவு சத்தம். சாரல் முகத்தில் அடித்தது. நான் அழுதேன், மேரி. யாருக்கும் தெரியவில்லை. அவர் போனதிலிருந்து அழாத அழுகை.

நீ கேட்டதற்குப் பதில். ஜன்னல் ஓரம் நான்தான் உட்கார்ந்தேன், அவள் விட்டுக்கொடுத்தாள். சாப்பாட்டுக்கு அவள் வெங்காய வடையும் புளிச்சோறும் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன்,
கோகிலா

*

திலக் நகர்
23 ஜூலை 2024

அன்புள்ள கோகிலவாணி,

முதலில் ஒரு திருத்தம். அந்த அரண்மனைக்கு முந்நூறு வயது கிடையாது. நம் அப்பா அம்மா காலத்தில் கட்டியது. படித்தவள் ஒருத்தி உன் பக்கத்தில் இருந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பாள்.

இதை எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நானும் போய்விட்டு வந்தேன். போன ஞாயிறு, அதே பஸ், அதே மாதவ். முன்வரிசை, ஜன்னல் ஓரம். காலைப் பூசையை விட்டுவிட்டுப் போனேன். பங்குச் சாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. என் பக்கத்து இடம் காலி. அங்கே கட்லெட் டப்பாவை வைத்துக்கொண்டேன்.

அரண்மனை விஷயத்தை மாதவிடம் சொன்னேன். "சரிதான் மேடம். போன வாரம் யாரும் கேட்கலை" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் என் கையைக் கிள்ளியிருப்பாய்.

அருவிக்கு நான் இறங்கவில்லை. படி வழுக்குகிறது. மேலே டீக்கடைத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். மாதவும் வந்து உட்கார்ந்தார். போன வாரம் மாட்டுங்காவிலிருந்து ஒரு அம்மா வந்தாரே, நினைவிருக்கிறதா என்று விசாரித்தேன்.

"நல்லா ஞாபகம் இருக்கே. அவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா மேடம்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்படியா? ஒரே குடைதான் வெச்சிருந்தாங்க, அதையும் விரிக்கலை. நனைஞ்சுக்கிட்டே படியில உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. நான்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கூப்பிட்டு வந்தேன். நீங்க யாரோட வந்தீங்க மேடம்?"

தனியாக என்றேன்.

வரும் வழியெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். உன்னை நான் எத்தனையோ இடங்களுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். மவுண்ட் மேரி திருவிழா, எலிபெண்டா, என் செலவில் மாதேரான். எதிலும் நீ மழையில் உட்கார்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை. என் வீட்டில் உனக்கென்று ஒரு சட்டி வைத்திருந்தேன். கறி மீன் படாமல், என் பிள்ளைகளைக்கூடத் தொட விடாமல். முந்தாநாள் அறிமுகமானவள் எந்தச் சட்டியில் பொரித்தாள் என்றுகூட நீ கேட்கவில்லை. சாப்பிட்டாயாம். ஒன்றும் ஆகவில்லையாம்.

அவளிடம் அப்படி என்ன இருக்கிறது, கோகிலா? நேராகவே கேட்கிறேன். பதில் எழுது.

அன்னமேரி

*

மாட்டுங்கா
27 ஜூலை

மேரி,

நேராகக் கேட்டாய். நேராகச் சொல்கிறேன். கோபப்பட்டால் படு.

தனிச் சட்டி வை என்று நான் உன்னைக் கேட்டதே கிடையாது. யோசித்துப் பார். நீயாக வைத்தாய். வந்தவர்களிடமெல்லாம் "இது கோகிலாவுக்கு" என்று எடுத்துக் காட்டினாய். எனக்குக் கூச்சமாக இருக்கும். உன் அன்பு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை.

சபுராவிடம் என்ன இருக்கிறது என்றால், ஒன்றும் இல்லை. நிறையப் பேசுவாள், பாதி பொய். ஆனால் வா என்றால் வருகிறாள். முடியாது என்றால் முடியாதுதான். அவளோடு இருந்தால் நான் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

நீ எழுதியது சரிதான், மூன்று தடவை கேட்கிற பழக்கம் எனக்கும் தெரியும். அது எனக்கு ஒரு விளையாட்டு மாதிரி பிடித்துத்தான் இருந்தது. போன வருஷம் வரைக்கும். அவரை எடுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலம், வீட்டில் எல்லோரும் யார் எங்கே படுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீ செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாய். நான் உன்னிடம் வந்து, "இன்றைக்கு இங்கேயே இரேன்" என்றேன். "வேண்டாம் கோகிலா, உன் மனிதர்கள் இருக்கிறார்கள், நான் எதற்கு" என்றாய்.

இன்னொரு தடவை கேட்க என்னிடம் தெம்பு இல்லை, மேரி. நீ போய்விட்டாய். என் நாத்தனார் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

உன்மேல் வருத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு யாரையும் இரண்டாம் தடவை கேட்க எனக்கு நா எழுவதில்லை. ஜவ்ஹாருக்கு உன்னைத்தான் முதலில் கேட்டேன். அதையும் எண்ணிப் பார்.

இனி எங்கேயாவது கிளம்பினால் உனக்குத் தெரியப்படுத்துகிறேன். வருகிறாயா என்று கேட்க மாட்டேன்.

கோகிலா

*

திலக் நகர்
1 ஆகஸ்ட் 2024

கோகிலா,

நாலு நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எழுத என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. கீழே வந்து உங்கள் வாட்ச்மேன் ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், யாராவது கூப்பிட இறங்கி வருவார்கள் என்று. இதைச் சொல்வதால் ஒன்றும் சரியாகிவிடாது. உனக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

வரும் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மாட்டுங்காவுக்கு வருகிறேன். நீ கூப்பிடவில்லை. நான் வருகிறேன். மாற்றுப் புடவை, மாத்திரை, என் தலையணை எல்லாம் எடுத்து வருகிறேன். இரவு தங்குவேன். வேண்டாம் என்று நீ சொன்னால் திரும்பிப் போய்விடுவேன், ஆனால் அதை நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். இந்தக் கடிதம் உனக்குச் சனிக்கிழமைதான் வந்து சேரும், பதில் எழுத நேரம் இருக்காது. அதற்காகவே இன்று தபாலில் போடுகிறேன்.

சபுராவும் அன்று உன் வீட்டுக்கு வருவதாக இருந்தால் அவளை நிறுத்தாதே. அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எரியட்டும். அவள் என்ன பேசினாலும் திருத்தாமல் இருக்கப் பார்க்கிறேன். உறுதி சொல்ல முடியாது.

அருவியில் நீ அழுதது யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் நான் இருந்திருந்தால் பார்த்திருப்பேன்.

மேரி