கண்ணளவு

மார்ச் 4, ஹோபார்ட்
காலையிலிருந்து மழை. புதிய புத்தகத்தின் அச்சுப்படியைத் திருத்தி முடித்தேன். இருபது வருடமாக நான் சொல்லிவருவது ஒன்றுதான்: என் கணவன் கெல்வின் கட்டிய ஆற்றங்கரை மண்டபம் கணக்கில் பிறந்தது. அகலத்தை வைத்துச் சதுரம் போட்டால் அதன் மூலைவிட்டம்தான் நீளம். என் கட்டடக்கலைப் பேராசிரியர் பதவியே அந்த ஒற்றைக் கோட்டின் மேல் நிற்கிறது. இப்போது மண்டபத்தை இடித்து ஓட்டல் கட்டப் பார்க்கிறார்கள். பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கக் கேட்டு, என் ஆய்வைத்தான் அரசுக் குழுவிடம் கொடுத்திருக்கிறோம்.

மார்ச் 9
கெல்வினின் பணிஓய்வு விருந்து. என் துறை முழுக்க வந்திருந்தது. ஒயின் ஏறியதும் எழுந்து நின்றான்.

"மூலைவிட்டமாவது மண்ணாங்கட்டியாவது! பழைய கம்பளிக் கிடங்கை இடிச்சப்போ உத்திரம் மலிவாக் கிடைச்சுது. அது எவ்வளவு நீளமோ மண்டபமும் அவ்வளவு. மத்ததெல்லாம் கண்ணளவு. இவ ஒருநாள் டேப்பைத் தூக்கிட்டு ஓடி வந்து, 'வேணும்னுதானே இப்படிச் செஞ்சே?'ன்னு கேட்டா. அழகா இருந்தா. ஆமான்னுட்டேன்."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

மார்ச் 10
"எல்லார் முன்னாடியும் ஏன் சொன்னே?" என்றேன்.

"விளையாட்டுக்குத்தான், வெர்னா. உனக்குச் சிரிக்கவே தெரியாது." முட்டையைத் தின்றுகொண்டே சொன்னான்.

மார்ச் 17
வகுப்பில் கிரேக்கக் கோயில் ஒன்றின் படத்தைக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இதுக்கும் உத்திரம் மலிவாக் கிடைச்சிருக்குமோ, ப்ரொஃபசர்?"

ஏப்ரல் 2
ஆய்வைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் குழுவுக்கு எழுதிவிட்டேன். புத்தகத்தையும் நிறுத்தச் சொன்னேன். கடிதத்தில் எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் உண்மைக்காகவா எழுதினேன்? இல்லை — எழுத எழுத இனித்தது.

ஏப்ரல் 3
கெல்வின் சமையலறை வாசலில் வெளிறிப்போய் நின்றான்.

"இடிச்சுடுவாங்க வெர்னா. நான் கட்டினதுல உருப்படியா நிக்கிறது அது ஒண்ணுதான். குடிச்சுட்டு உளறினேன்னு நான் எழுதித் தர்றேன்."

"உளறினியா?"

வாசல் நிலையை நகத்தால் சுரண்டினான்.

"அப்போ பேசாம இரு."

மே 20
குழு மண்டபத்தைக் கைவிட்டது. என்னையும் முன்கூட்டியே ஓய்வு பெறச் சொல்கிறாள் துறைத்தலைவி. ரொம்ப அன்பாகத்தான் சொன்னாள்.

ஜூன் 11
இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் ஊர் ஜூன் குளிரில் தொப்பிகூட இல்லாமல் கெல்வின் வேலியோரம் நின்றிருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"எதைப் பாக்க வந்தே?" என்றான்.

"உன்னை."

கூரை சரிந்தபோது அவன் கை என் கையைத் தேடியது. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.