மெதுவா

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் கடி. இந்த முறை சுருட்டைமுடிப் பையனின் முழங்கை. நான் ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கடித்தவளும் பக்கத்தில் வந்து நின்று அழுதாள். யாரைத் தூக்குவது? இரண்டரை வயது. நாலைந்து சொல்தான் பேசுவாள். பேச வராத கோபம் எல்லாம் பல்லில் இறங்குகிறது. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் புயல்.

காப்பகத்தை நடத்துகிற பெரியக்கா மாலையில் கூப்பிட்டார். "இந்த மாசம் பார்ப்போம். அப்புறம் அவங்க அம்மாகிட்ட வேற இடம் பாருங்கன்னு நானே சொல்லிடறேன்." அந்த அம்மாவுக்கு நிறைமாதம். இப்போது எங்கே போய் அலைவாள்?

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பேச வேண்டியதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

ஜூன் 5, வியாழன்

மழை விட்டதும் பின்கதவைத் திறந்து வாண்டுகளை வெளியே விட்டேன். பூந்தொட்டி விளிம்பில் ஒரு நத்தை. புயல் பாய்ந்தாள். "மெதுவா! மெதுவா!" என்று அலறி அவள் கையைப் பிடித்தேன். ஒரே ஒரு விரலால் தொடவைத்தேன். நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது. அவளும் விரலை இழுத்துக்கொண்டாள். "பயந்துடுச்சு. அது முதுகுல இருக்கே, அதுதான் அதோட வீடு. உள்ள போயிடுச்சு" என்றேன்.

கொம்பு மறுபடி எட்டிப்பார்க்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புயல்! உட்கார்ந்திருந்தாள்! எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கடி இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் கடி இல்லை. காலையில் வந்ததும் பை தோளில் இருக்க நேரே தொட்டியடிக்கு ஓடுகிறாள். மற்றவர்களும் அப்படித்தான். கல்லைப் புரட்டுவதும் ஈர இலையை முகர்வதுமாக ஒரே அமர்க்களம். நான் தொண்டை வறள "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே திரிகிறேன்.

என்னை எக்ஸ்பிரஸ் என்று கேலி செய்கிற வீட்டுக்காரர் சிரிக்கிறார். "எக்ஸ்பிரஸ் போய் நத்தைக்குக் காவலா? அது சரி!" சாப்பாட்டைக்கூட நான் நின்றுகொண்டே சாப்பிடுவேனாம். உண்மைதான், என்ன செய்வது.

ஜூன் 13, வெள்ளி

மானம் போயிற்று.

பெற்றோர் கூட்டம். பெரியக்கா படஅட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். பிள்ளைகள் பந்து சொன்னார்கள், பூ சொன்னார்கள். நத்தைப் படம் வந்தது. "இது என்ன?"

எல்லோரும் ஒரே குரலில், "மெதுவா!"

கூடமே சிரித்தது. யாரோ ஒரு அப்பா, "டீச்சருக்கே பேரு தெரியாது போல" என்றார். எனக்குக் காது சுட்டது. நத்தை என்று நான் ஒரு தடவையாவது சொன்னேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் மெதுவாதான். தெரியாமத்தான் கேக்கறேன், இத்தனை நாளா நான் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன்?

பின்கதவைப் பூட்டிச் சாவியைப் பெரியக்கா எடுத்துக்கொண்டார். "வெளிய சுத்தினது போதும். திங்கக்கிழமையிலேர்ந்து அட்டையை வச்சுச் சொல்லிக்கொடு."

ஜூன் 17, செவ்வாய்

புயல் பூட்டின கதவைத் தட்டித் தட்டி, "மெதுவா! மெதுவா!" என்று கத்துகிறாள். புதிதாக வந்த ஆயாம்மா, "நல்ல புள்ள, மெதுவான்னு சொல்லிக்கிட்டே கதவை உடைக்குது" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நத்தைப் பட அட்டையைக் கொடுத்தேன். படத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் காத்திருந்தாள். கொம்பு உள்ளே போகவில்லை. இன்னொரு தடவை தொட்டாள். அப்புறம் வீசி எறிந்துவிட்டு என் மணிக்கட்டைக் கடித்தாள்.

கோபம் வந்தது. அவ மேல இல்ல. நேரே பெரியக்காவிடம் போய், "கதவைத் திறந்து வச்சிருந்தப்ப அவ யாரையும் கடிக்கல" என்றேன்.  சொல்லியேவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "இவளை வச்சுக்கறது மாசக் கடைசி வரைக்கும்தான்" என்றார்.

ஜூன் 23, திங்கள்

புயல் வரவில்லை. தம்பிப் பாப்பா பிறந்திருக்கிறதாம். போன வாரம் அவள் அம்மா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது மனதை அரிக்கிறது. "பாப்பா பக்கத்துல இவளை எப்படி மிஸ் விடறது? நினைச்சாலே பயமா இருக்கு."

கடித்துவிட்டால்? வீட்டைத் துடைத்தேன். துடைத்த வீட்டையே மறுபடி துடைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

புயலை அவள் அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். தூக்கமில்லாத கண். பெரியக்காவும் நின்றிருந்தார்.

"தொட்டில்கிட்டப் போனா மிஸ். எங்களுக்கு உயிரே போயிடுச்சு. ஒரே ஒரு விரலை நீட்டி 'மெதுவா'ன்னு தொட்டா. பாப்பா கையை இழுத்துக்கிச்சு. இவளும் இழுத்துக்கிட்டா. அப்படியே பக்கத்துல உட்கார்ந்துட்டா, பாப்பா மறுபடி கையை நீட்டற வரைக்கும். அவங்க அம்மா அழுதுட்டாங்க. அப்புறம் பாப்பா முதுகுக்கடியில எட்டிப்பார்த்து 'வீடு? வீடு?'ன்னு தேடறா. அது என்ன வீடு மிஸ்? எங்களுக்கு ஒண்ணும் புரியல."

பெரியக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.  நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூக்கைச் சிந்தினேன்.

ஜூலை 1, செவ்வாய்

மாதம் முடிந்தது. புயல் பையோடு வந்தாள். வேறு இடம் பாருங்கள் என்ற பேச்சே எழவில்லை.

பின்கதவு திறந்திருந்தது. பெரியக்கா தொட்டியருகே குனிந்து நத்தையைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தார். புயல் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "மெதுவா."

பெரியக்கா ஒரு விரலை மட்டும் நீட்டினார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதன் பெயர் நத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.