குளத்தில் கேட்ட உன் குரல்

அன்புள்ள சிட்டுவுக்கு,

நான் நலம். உன் இருமல் தேவலையா?

இங்கே தவளை ஆராய்ச்சியில் எனக்கு ஒலிபெருக்கி வேலை. ஆண் தவளையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டால் குளத்திலுள்ள ஆண் தவளைகளெல்லாம் போட்டிக்குக் கத்தும். பதில்களை எண்ணி எழுதுவேன். நேற்று மாலை கைதவறி நீ அனுப்பிய குரல்செய்தியை ஒலிக்கவிட்டேன்: "ஏங்க, ஒரு வாரமா பதிலே இல்ல. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

உடனே ஒரு தவளை கத்தியது. பக்கத்தில் இருந்த ஆராய்ச்சி மேடம் சிரித்தார்: "உங்களுக்கு அது தேவலை!"

கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் பேசினால் ஏக்கத்தில் குரல் உடைந்துவிடும், அதனால்தான் கடிதம். என் ஸ்வெட்டரை அனுப்பு. இன்னும் நீளமாகத் திட்டி ஒரு பதிவும் அனுப்பு. குளத்துக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

அந்தத் தவளையின் பதிலை நான் நோட்டில் எழுதவில்லை. அது நான் சொல்லியிருக்க வேண்டியது.

உன்னவன்